சங்க அகப்பாடல்களில் கூந்தல் வளர்ச்சியும் காதற் பருவமும்

ஆய்வுச் சுருக்கம்

சங்க அகப்பாடல்களில் தலைவியின் கூந்தல் பெரும்பாலும் அழகு வருணனையாகவே கருதப்பட்டு வந்துள்ளது. கூந்தலின் நீளம் அப்பாடல்களில் காட்சியின்பம் தருவதோடு நின்றுவிடவில்லை. பருவம், காவல், உரிமை, இழப்பு ஆகிய நான்கையும் அறிவிக்கும் சமூகக் குறியாகவும் அது இயங்குகிறது. இதனைக் குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு, கலித்தொகை, புறநானூறு ஆகிய நூல்களின் தெரிந்தெடுத்த பாடல்களைக் கொண்டும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் கொண்டும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கூழை, ஐம்பால், களவு, இற்செறிப்பு, மெய்ப்பாடு, கைம்மை.

முன்னுரை

பெண்ணின் கூந்தல் நீளம் ஆடவனின் ஈர்ப்பைத் தூண்டுமா என்னும் வினா இன்று உளவியலாரும் சமூகவியலாரும் எழுப்பும் வினாவாக உள்ளது. தமிழ் மரபில் இவ்வினாவுக்குரிய பழைய சான்றுகள் களவொழுக்கப் பாடல்களில் கிடைக்கின்றன. தலைவனும் தலைவியும் பெற்றோர் அறியாது சந்தித்துப் பழகும் களவு வாழ்க்கையில் ஒருவர் மற்றவரிடம் எதனைக் கண்டு ஈடுபட்டனர் என்பதை அப்பாடல்கள் விரிவாகப் பேசுகின்றன. அவற்றுள் கண், தோள், நுதல் ஆகியவற்றோடு கூந்தலும் முதன்மை பெறுகிறது. ஆயினும் கண்ணும் நுதலும் பெறாத ஒரு தன்மை கூந்தலுக்கு உண்டு. அது வளர்வது, முடிக்கப்படுவது, அவிழ்க்கப்படுவது, கொய்யப்படுவது. காலத்தையும் பிறர் கையையும் தன்மேல் பதிவு செய்துகொள்ளும் உறுப்பு அது. இத்தன்மையே அதனை வெறும் அழகுப் பொருளினின்று வேறுபடுத்துகிறது.

சொல்வழிச் சான்றுகள்

கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, கூழை, ஐம்பால் எனப் பல சொற்கள் பெண்ணின் தலைமயிரைக் குறிக்கச் சங்க நூல்களில் வழங்குகின்றன. ஐம்பால் என்பது ஐந்து பகுப்பாக ஒப்பனை செய்யப்படும் கூந்தல் என உரையாசிரியர்களால் விளக்கப்படுகிறது. குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்பது ஒரு பட்டியல். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்பது மற்றொன்று. பட்டியல் வேறுபடினும், ஐந்து வகையாகப் பகுத்து முடிப்பதற்குப் போதிய நீளமும் அடர்த்தியும் வேண்டும் என்பது இரண்டிற்கும் பொது. எனவே ஐம்பால் என்ற சொல்லிலேயே முழு வளர்ச்சி பெற்ற கூந்தல் என்னும் கருத்து அடங்கியுள்ளது.

கூழை என்ற சொல் இதற்கு மறுமுனையில் நிற்கிறது. குட்டையானது, கடை குறைந்தது என்னும் பொருள் அச்சொல்லுக்கு உண்டு. யாப்பிலக்கணத்தில் அளவடியின் முதல் மூன்று சீர்களில் தொடை அமைந்து கடைச்சீரில் அமையாதிருப்பது கூழைத் தொடை எனப்படுவது இப்பொருளை உறுதிப்படுத்தும். முழு நீளம் எய்தாத இளமைக் கூந்தலைச் சுட்டுவதற்கு இச்சொல் பொருத்தமாக அமைகிறது. எனினும் பருவமெய்திய தலைவியின் கூந்தலுக்கும் இச்சொல் வழங்கியுள்ளமை கலித்தொகையாலும் மெய்ப்பாட்டியலாலும் தெரியவருகிறது. ஆகவே சொல்லை மட்டும் கொண்டு பருவத்தைத் துணியாமல், அது வரும் சூழலோடு சேர்த்தே பொருள் கொள்ளுதல் வேண்டும்.

ஒரே குறி, இருவர் நோக்கு

கூந்தலின் நீளம் காதற் பருவத்தின் குறியாக எண்ணப்பட்டமைக்குக் குறுந்தொகை 337ஆம் பாடல் நேரான சான்று. பொதுக்கயத்துக் கீரந்தையார் பாடிய இப்பாடலில், தோழியை இரந்து பின்னிற்கும் தலைவன் தலைவியிடம் தோன்றிய மாற்றங்களை வரிசைப்படுத்துகிறான். மார்பு அரும்பியமை, தலையின் மென்குழல் கீழ்நோக்கித் தாழ்ந்தமை, விழுந்த பற்கள் மீண்டும் முளைத்து நிரம்பியமை, சுணங்கு தோன்றியமை ஆகியவை அவன் காணும் அடையாளங்கள். இவற்றால் அவள் தன்னை வருத்துவதை அவன் உணர்கிறான். அவளோ அதனை உணரவில்லை. செல்வர் வீட்டின் ஒரே மகளான அவள் எவ்வாறு ஆவாளோ என அவன் கலங்குகிறான்.

இவ்வடையாளங்களுள் மூன்று அகநானூறு 7ஆம் பாடலில் செவிலித்தாயின் கூற்றாக வருகின்றன. கயமனார் பாடிய அப்பாலைப் பாடலில், மகள் உடன்போக்கில் சென்றபின் செவிலி தான் முன்பு கூறிய அறிவுரையை நினைந்து வருந்துகிறாள். மார்பு வளர்ந்தது, பற்கள் ஒளிர்கின்றன, தலைமுடியும் நிறைந்தது, தழையாடையும் உடுத்தாய். ஆதலின் ஆயத்தோடு வெளியே திரியாதே, நீ இனிப் பேதைப் பருவத்தினள் அல்லள் என்பது அவ்வறிவுரையின் சாரம். தலைவனுக்கு ஈர்ப்பாக அமைந்த அதே கூந்தல் வளர்ச்சி, தாய்க்குக் காவல் தொடங்கவேண்டிய அறிகுறியாக அமைகிறது.

அகநானூறு 315ஆம் பாடலில் குடவாயிற் கீரத்தனார் இன்னொரு தாயைக் காட்டுகிறார். மகளின் கூழை நெறிப்புக் கொண்டதையும் மார்பு எழுந்ததையும் அத்தாய் கண்டாள். நெஞ்சில் ஐயமும் கொண்டாள். ஆயினும் மகளின் உள்ளத்தை அறியாமையால் அவளை வீட்டில் செறிக்கவில்லை. அம்மகளும் தலைவனோடு போய்விடுகிறாள்.

இவ்விரு பாலைப் பாடல்களையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒரு தாய் எச்சரித்தாள். மற்றொருத்தி எச்சரிக்காது விட்டாள். விளைவு இரண்டிலும் ஒன்றே. கூந்தலைக் கண்டு பருவத்தை அறிய முடிந்த தாயர்க்கு, அக்கூந்தலை உடையவளின் விருப்பத்தை அறிய முடியவில்லை. குறுந்தொகைத் தலைவனும் அவ்வாறே. தன் வருத்தத்தை அறிவானேயன்றி அவள் உள்ளத்தை அறியான். உடலின் குறியைப் படிப்பவர் பலர். அதன் உரியவள் கருத்து அக்குறியில் எழுதப்பட்டிருக்கவில்லை.

தலைவியின் செயலாகக் கூந்தல்

தலைவியின் கருத்து வெளிப்படும் இடத்தைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சுட்டுகிறது. களவிற்குரிய மெய்ப்பாடுகளைப் படிநிலைகளாக வகுக்கும் அவ்வியல், இரண்டாம் படிநிலையில் கூழை விரித்தலை முதலாவதாக வைக்கிறது. காதணி ஒன்று கழன்று விழச் செய்தல், அணிகலன்களைத் தடவுதல், உடையைக் குலைத்து உடுத்தல் ஆகியவை அதனைத் தொடர்கின்றன. இங்குக் கூந்தலின் நீளம் காண்பவனுக்குரிய காட்சிப்பொருளாக மட்டும் நில்லாமல், தலைவி தன் உள்ளத்தை உணர்த்தும் கருவியாகிறது. முடித்த கூந்தலை விரித்து மீண்டும் முடித்தல் என்ற செயலுக்கு அதன் நீளமே இடமளிக்கிறது.

குறுந்தொகை 2ஆம் பாடலில் இறையனார் தலைவன் வாயிலாகத் தலைவியின் கூந்தல் மணத்தைப் புகழ்கிறார். தும்பியை நோக்கி, நீ அறிந்த மலர்களுள் இவள் கூந்தலினும் நறுமணமுடையது உண்டோ என அவன் வினவுகிறான். இம்மணம் இயற்கையானதா, செயற்கையானதா என்னும் விவாதமாக இது பிற்காலத்தில் திருவிளையாடற் புராணத்தில் விரிந்தது; நக்கீரரும் தருமியும் அக்கதையில் இடம்பெறுகின்றனர். புராணம் கூந்தலை ஒரு பொதுப்பொருளாக்கி அதன் இயல்பை வழக்காடுகிறது. குறுந்தொகைப் பாடலோ நலம் பாராட்டும் ஒருவனின் நெருக்கமான மொழி. மணத்தை அறியும் அளவுக்கு அண்மையில் அவன் இருக்கிறான் என்பதே அப்பாடலின் உட்பொருள்.

உரிமையும் வெளிப்பாடும்

குறுந்தொகை 225ஆம் பாடலில் கபிலர் தோழியின் கூற்றாக ஒரு கருத்தை அமைக்கிறார். மயிலின் தோகை போன்ற தழைத்த கூந்தல் தலைவனுக்கே உரியது என்றும், அவன் பெற்ற உதவியை மறவாதிருக்க வேண்டும் என்றும் தோழி வலியுறுத்துகிறாள். வரைவு வேண்டும் இடத்தில் கூந்தல் திருமண உரிமையின் குறியீடாக நிற்கிறது.

கலித்தொகை 115ஆம் பாடலில் இவ்வுரிமை எதிர்பாராது வெளிப்படுகிறது. ஆயர்மகன் சூடியிருந்த முல்லைக் கண்ணியைத் தலைவி தன் கூந்தலுள் மறைத்து முடித்திருந்தாள். தாய் வெண்ணெய் பூசுவதற்காகக் கூந்தலை விரித்தபோது அப்பூ வீழ்ந்தது. தாய் வினவவும் இல்லை, சினக்கவும் இல்லை; நெருப்பைத் தொட்டவள் போல விலகினாள். இறுதியில் சுற்றத்தார் அவனுக்கே அவளைத் தர முனைகின்றனர். நீண்ட கூந்தல் களவை மறைக்கும் இடமாகவும், அதனைப் புலப்படுத்தும் இடமாகவும் ஒருங்கே அமைந்துள்ளமை இங்குக் குறிப்பிடத்தக்கது.

அகநானூறு 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் காட்டும் திருமணத்தில், மகப்பேறு பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டுகின்றனர். நீரோடு சொரிந்த மலரும் நெல்லும் அவள் கூந்தலில் தங்கி விளங்குகின்றன. நற்றிணை 42ஆம் பாடலில், பிரிந்து மீண்ட தலைவன், கழுவப்படாதிருந்த கூந்தலை மனைவி தூய்மை செய்து சில மலர் சூடிய வேளையில் தான் நுழைந்ததையும், முடி அவிழ அவள் தழுவியதையும் நினைகிறான். பிரிவில் பேணப்படாமலும் கூடலில் மலர் பெற்றும் கூந்தல் இல்லறத்தின் நிலையைச் சொல்கிறது.

இழப்பின் குறி

உரிமையின் குறியான கூந்தல் கணவன் இறந்தவுடன் கொய்யப்படுகிறது. புறநானூறு 250ஆம் பாடலில் தாயங்கண்ணியார், கூந்தல் கொய்து வளை நீக்கி அல்லி உணவு கொள்ளும் கைம்பெண்ணைக் காட்டுகிறார். புறநானூறு 25ஆம் பாடலில் கல்லாடனார், பகைவர் மகளிர் கைம்மை அடைந்து கூந்தல் கொய்வதைக் கண்ட பின்னரே நெடுஞ்செழியனின் வேல் ஓய்ந்தது என்னும் பொருளில் பாடுகிறார்.

இங்கு உவமை ஒன்று கருதத்தக்கது. குறுந்தொகை 116ஆம் பாடலில் இளங்கீரனார், உறந்தைப் பெருந்துறையின் நுண்மணலில் நீர் வரைந்த அறலைக் காதலியின் கூந்தலுக்கு உவமையாக்குகிறார். கல்லாடனாரும் கொய்யப்படும் கூந்தலுக்கு அறலையே உவமிக்கிறார். காதலன் வியந்த அதே அழகு போர்க்களத்தின் விலையாக மாறுவதை இவ்வுவமை உணர்த்துகிறது. அகத்தின் சொல்லைப் புறம் எடுத்தாளும்போது இழப்பின் அளவு தெளிவாகிறது.

ஆடவர்க்கு இந்நெறி வேறு. புறநானூறு 77ஆம் பாடலில் இடைக்குன்றூர் கிழார், இளைய நெடுஞ்செழியன் குடுமி களைந்து வேம்பின் தளிர் சூடிப் போருக்கு எழுந்ததைப் பாடுகிறார். ஆண்மகன் முடி களைவது பருவ உயர்வு. பெண் முடி களைவது வாழ்வின் ஒடுக்கம்.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பெறப்படுவன: முதலாவது, கூந்தலின் நீளம் பருவ நிறைவைக் காட்டியதனாலேயே காதலில் ஈர்ப்புக்குரியதாயிற்று. இரண்டாவது, அதே குறி தாயர்க்குக் காவலின் தொடக்கமாயிற்று. மூன்றாவது, கூழை விரித்தல் என்னும் மெய்ப்பாட்டில் மட்டுமே அது தலைவியின் சொந்த மொழியாகிறது. நான்காவது, நீண்ட கூந்தலைப் போற்றிய அதே சமூகம் கைம்மையில் அதனைக் கொய்தது. போற்றுதலும் கொய்தலும் பெண்ணின் கூந்தல் மற்றொருவர்க்கு உரியது என்னும் ஒரே கருத்தின் இரு பக்கங்கள்.

இருபதாம் நூற்றாண்டில் பெரியார், பெண்கள் தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தியதன் பொருளும் இப்பின்புலத்தில் தெளிவாகும். அவர் கூறியது அழகைப் பற்றிய கருத்து என்பதினும், கூந்தலின் நீளத்தை முடிவு செய்வது யார் என்பதைப் பற்றிய கருத்து எனக் கொள்ளுதல் பொருத்தமானது. அகப்பாடல்களின் கூந்தல் வருணனைகளைக் கற்பிப்போர், உவமையின் நயத்தோடு, அக்கூந்தலைத் தொடும் கை யாருடையது என்பதையும் மாணவர்க்குச் சுட்டுதல் பயன்தரும்.