மொட்டைமாடியில் ஒரு புது வியாபாரம்!

வெயில் இலவசம். அதை வைத்துப் பிழைப்பு நடத்த முடியுமா?

முடியும்! சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் பலகைகளை மாடியில் பொருத்தித் தருவது இன்று ஒரு தொழில். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. 1 கோடி வீடுகளில் பலகை அமைப்பது நோக்கம். ஒதுக்கிய தொகை 75,021 கோடி ரூபாய். 3 கிலோவாட் அமைக்கும் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம்.

அடேயப்பா, எவ்வளவு பெரிய சந்தை! ஆனால், ஆவடியிலோ பூந்தமல்லியிலோ கடை போட நினைப்பவர் இந்தக் கோடிகளைக் கண்டு மயங்கிவிடக் கூடாது.

எத்தனை மாடி மிஞ்சும்?

1 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி, நிழல் விழாத இடம் வேண்டும். நாளுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும். தமிழ்நாட்டிலோ 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் ஆயிற்று. விளக்கும் விசிறியும் மட்டும் ஓடும் வீட்டில் பில் சொற்பம். அவர்கள் பலகை எதற்கு வாங்குகிறார்கள்? வாடகைக்கு இருப்பவருக்கு மாடி சொந்தமில்லை. அடுக்குமாடியில் எல்லோரையும் சம்மதிக்க வைக்க வேண்டும். அது லேசான காரியமா? இவர்களைக் கழித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் ஏ.சி. ஓடும் தனி வீடுகள்தாம்.

பக்கத்து அம்பத்தூரில் கணக்கே வேறு. அங்கே தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கியது. பட்டறைகள் பகலில் ஓடுகின்றன, வெயிலும் பகலில்தான்! பட்டறைக்கு இலவச யூனிட் கிடையாது. வீட்டுக்குத் தரும் அந்த மானியமும் கிடையாது. இன்னொரு சங்கடமும் உண்டு. பழைய கல்நார்க் கூரை பாரம் தாங்காது, மாற்ற வேண்டும். பலகை விற்கப் போகிறவர் முதலாளியிடம் விலை பேசுமுன் கூரையை அண்ணாந்து பார்ப்பது நல்லது.