காகிதத் துண்டு சொன்ன சாட்சி

1996-ல் டில்லியில் ஏ.சி. இல்லாத புதுக் கார் வாங்கினேன். செலவு குறையுமே என்று கரோல் பாக் கடையொன்றில் ஏ.சி. பொருத்திக்கொண்டேன். வந்தது மே மாத வெயில். ஓடும்போது குளுகுளு, சிக்னலில் நின்றால் இன்ஜின் கொதிக்கும். ஒரு நாள் ஹெட் காஸ்கெட்டே போய்விட்டது.

"வெளியில் ஏ.சி. போட்டீர்கள், வாரண்டி கிடையாது" என்றார் கார் விற்றவர். "ஏ.சி. நன்றாக இருக்கிறது, ரேடியேட்டரில்தான் கோளாறு" என்றார் கடைக்காரர். ரயில் தடம் புரண்டால் எங்கள் இலாகாக்கள் பேசுகிற அதே பேச்சு! அங்கே எல்லோரும் கூடிப் பார்த்து ஜாயின்ட் நோட் எழுதிக் கையெழுத்திடுவோம். அப்படியே இரு தரப்பு மெக்கானிக்குகளையும் வரவழைத்தேன்.

ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர், அதற்கொரு மின்விசிறி. அது காற்றை இன்ஜின் பக்கம் தள்ள வேண்டும். விசிறியை மட்டும் ஓடவிட்டு, முன்புறக் கிரில்லில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தேன். ஒட்டிக்கொள்ள வேண்டிய காகிதம் என் முகத்தில் வந்து விழுந்தது! ஒயர்களை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். விசிறி எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்காற்றுதான் காப்பாற்றியிருக்கிறது.

இருவரும் கையெழுத்திட்டார்கள். காஸ்கெட் செலவைக் கடைக்காரர் கொடுத்தார். (இன்றைக்கு மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த பணம் 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை.)

கார் விற்றவர் இன்ஜினுக்கு வாரண்டி மறுத்தது நியாயம். ஆனால் கதவுப் பூட்டுக்கும் மறுத்தாரே! ஏ.சி.க்கும் பூட்டுக்கும் என்ன உறவோ? கடைசியில் பூட்டை நானே கழற்றிச் சரிசெய்தேன்.