பண்டகசாலையும் பாதையும்

புயல் ஓய்ந்த மறுநாள் நாட்டில் அரிசி இருக்கின்றதா என்பது ஒரு வினா. அவ்வரிசி பசித்தவரிடம் எப்பொழுது போய்ச் சேரும் என்பது வேறொரு வினா. முன்னதற்கு விடை பெரும்பாலும் 'உண்டு' என்பதே. மக்கள் வாடுவது பின்னதனால்தான். ஆதலின் துயர்துடைப்புப் பண்டகசாலையை எங்கே அமைப்பது, அங்கிருந்து லாரிகளை எவ்வழியே செலுத்துவது என்னும் இரண்டையும் குறித்துச் சிறிது பேச விழைகின்றேன்.

வானொலி, கரும்பலகை இல்லாத வகுப்பு. நேயர்கள் ஒரு தாளில் நேர்கோடு ஒன்று வரைந்துகொள்வார்களாக. அது ஒரு கடலோரச் சாலை. அதன்மேல் ஐந்து ஊர்கள். முதல் ஊரிலிருந்து அளந்தால் ஏனைய நான்கும் 2, 4, 6, 20 ஆகிய கிலோமீட்டர்களில் உள்ளன. பண்டகசாலை எங்கே இருத்தல் வேண்டும்? வணிகரைக் கேட்டால் மூன்றாம் ஊரைக் காட்டுவார். அங்கிருந்து எல்லா ஊர்களின் தொலைவையும் கூட்டினால் 24 கிலோமீட்டர். வேறு எவ்விடத்தில் வைத்தாலும் இத்தொகை கூடுமேயன்றிக் குறையாது. வண்டிச் சத்தம் மிச்சம். ஆனால் கடைசி ஊரார் 16 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கின்றனர். பண்டகசாலையைப் பத்தாம் கிலோமீட்டரில் வைத்தாலோ கூட்டுத்தொகை 38 ஆகிவிடும். எனினும் எவ்வூரும் 10 கிலோமீட்டருக்கு மேல் விலகியிராது. மரங்கள் சாய்ந்து லாரி ஓடாத நாளில், தலைச்சுமையாக மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பதாகக் கொள்வோம். கடைசி ஊருக்கு முன்னைய முறையில் 4 மணி நேரம். பின்னைய முறையில் இரண்டரை மணி நேரம். தாகத்தால் துடிக்கும் குழந்தைக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. இவ்விரு வகை இடங்களையும் சாலைவலைகளுக்குப் பொருத்திக் கணித முறையில் ஆராய்ந்தவர் ஹகீமி என்னும் அறிஞர். அவர் கட்டுரை 1964-இல் வெளிவந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. பாம்பன் இரயில் பாலமும் சிதைந்தது. இராமேசுவரம் தீவுக்கு அந்நாளில் சாலைப் பாலம் கிடையாது. அது திறக்கப்பட்டது 1988-இல்தான். இரயில் பாலத்தைச் செப்பனிடும் பணிக்கு 46 நாட்கள் சென்றன. மண்டபத்தில் எத்தனை மூட்டை அடுக்கியிருந்தாலும், இடையே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் கடல் கிடக்கின்றதே! படத்தில் காணும் தொலைவு வேறு, பேரிடர் நாளின் தொலைவு வேறு. ஒரே கழுத்தால் பிணைந்த நிலத்திற்குக் கழுத்துக்கு அப்பாலும் ஒரு சிறு பண்டகசாலை வேண்டும். அதுவும் ஐப்பசி பிறக்குமுன்பே நிறைந்திருத்தல் வேண்டும். காவிரிக் கழிமுகத்திலோ வாய்க்காலுக்கு வாய்க்கால் ஒரு பாலம். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேதாரணியத்தருகே கரையேறியபோது, பாலம் நின்ற இடத்திலும் மரங்கள் வீழ்ந்து வழியை அடைத்தன.

ஊர்தோறும் சேமித்தால் அரிசி வண்டு பிடிக்குமே என்பீர்கள். மெய்தான். ஆயின் நியாயவிலைக் கடையில் சரக்கு மாதந்தோறும் புரள்கின்றது. அங்கே மழைக்காலத்தில் சற்று மிகுதியாக இருப்பு வைத்தால் பழையது கழிந்து புதியது நிற்கும். தார்ப்பாய் போன்ற கெடாத பொருள்கள் தனியிடத்தில், மேட்டு நிலத்தில் இருக்கலாம்.

இனி, பாதை. ஒரு லாரி பத்து ஊர்களுக்குச் சென்றுவர வேண்டுமானால் அவ்வூர்களை 36,28,800 வகையாக வரிசைப்படுத்தலாம்! டான்ட்சிக், ராம்சர் ஆகிய இருவரும் 1959-இல் பெட்ரோல் ஏற்றிச் செல்லும் லாரிகளைக் கொண்டு இக்கணக்கை ஆராய்ந்தனர். பின்னர் கிளார்க், ரைட் ஆகியோர் எளிய வழியொன்று கூறினர். பண்டகசாலையிலிருந்து ஓர் ஊர் 8 கிலோமீட்டர், மற்றோர் ஊர் 9. இரண்டிற்கும் இடையே 3. தனித்தனியே போய்வந்தால் 16-உம் 18-உம் சேர்ந்து 34. ஒரே சுற்றாகப் போனால் 8, 3, 9 சேர்ந்து 20. மிச்சம் 14. இவ்வாறு மிச்சம் மிகுதியாகும் ஊர்களை, லாரி தாங்கும் அளவுக்கு, முதலில் இணைத்துக்கொண்டே செல்வது அவர்கள் முறை.

இதனைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுதல் ஆகாது. நம்மிடம் இரண்டு லாரிகள் இருக்குமானால், தனித்தனியே அனுப்பும்போது இரண்டாம் ஊர்க்கு 9 கிலோமீட்டரில் உணவு சேரும். சுற்றில் சேர்த்தால் 11, முதல் ஊரில் மூட்டை இறக்கும் நேரம் வேறு. ஒரே லாரியாயின் கதை மாறும்: முதல் ஊர்க்குப் போய்த் திரும்பிவந்து புறப்பட்டால் இரண்டாம் ஊர் 25 கிலோமீட்டர் ஓட்டம் முடியும்வரை காத்திருக்கும். ஆகவே லாரி மிகுந்திருப்பின் முதல் நாள் பிரித்தனுப்புக; டீசல் சிக்கனத்தைப் பின்னைய நாட்களில் பார்த்துக்கொள்ளலாம். கணக்கு எழுதும் அலுவலர்க்கு இது பிடிக்காது, பசித்தவர்க்குப் பிடிக்கும்.

லாரியில் ஏற்றுவது யாது என்பதும் பாதையைச் சார்ந்ததே. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்த நாகப்பட்டின மாவட்டத்தில், அன்பர்கள் அனுப்பிய பழந்துணிகள் வேண்டுவாரின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்தன. அவற்றைச் சுமந்து வந்த வண்டிகளும் அதே குறுகிய சாலைகளில்தான் வந்தன. முதல் லாரியில் குடிநீர், மருந்து, உணவு, தார்ப்பாய் ஆகியன செல்லட்டும். துணி, அவ்வூரார் கேட்டு வந்த பிறகு.