புது எஸ்.எஸ்.டி. மாட்டியும் கம்ப்யூட்டர் காட்டவில்லையா? 'போர்டு போச்சு' என்றதும் பணத்தை எடுக்காதீங்க!

சிவகாசி:

பழைய லேப்டாப் ஆமை வேகத்தில் ஓடுகிறதே என்று காசு சேர்த்து எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டுகிறோம். சுவிட்சை போட்டால், கம்ப்யூட்டர் அதை கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. புது டிரைவ் டூப்ளிகேட்டா? போர்டு போச்சா? பலருக்கும் இந்த பதற்றம்தான். ஆனால் பெரும்பாலும் இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும். கோளாறு வேறு எங்கோ சின்னதாக ஒளிந்திருக்கும்.

இரண்டரை மில்லி மீட்டர் செய்த வேலை

சிவகாசியில் அச்சக வேலைக்கு போகும் ஒருவரின் வீட்டில் நடந்தது இது. 2011-ம் ஆண்டு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் மூத்த மகளுக்கு பிளஸ்-2 படிக்கும்போது கிடைத்த லேப்டாப் அது. இப்போது கல்லூரிக்கு போகும் இளைய மகள் அதில்தான் படிக்கிறாள். வேகம் கூடட்டும் என்று அப்பா எஸ்.எஸ்.டி. வாங்கிக் கொடுத்தார்.

கடையில் மாட்டிப் பார்த்தார்கள். காட்டவில்லை. மதர்போர்டு போய்விட்டது, மாற்ற 4 ஆயிரத்து 500 ரூபாய் ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடன் வாங்கலாமா என்று யோசித்தவர், அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்க்கும் தம்பியிடம் லேப்டாப்பை காட்டினார். அவர் அடி மூடியை கழற்றினார். எஸ்.எஸ்.டி. தன் இடத்தில் லொடலொட என்று ஆடியது.

விஷயம் இதுதான். பழைய லேப்டாப் ஹார்டுடிஸ்க் பெரும்பாலும் ஒன்பதரை மில்லி மீட்டர் தடிமன். எஸ்.எஸ்.டி. 7 மில்லி மீட்டர். நடுவில் இரண்டரை மில்லி மீட்டர் இடைவெளி. அதனால் டிரைவ் இறங்கி, பின் சரியாக பொருந்தவில்லை. டப்பாவோடு வந்த பிளாஸ்டிக் சட்டத்தை, பேக்கிங் அட்டை என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதை ஒட்டி மாட்டியதும் டிரைவ் காட்டியது. செலவு பைசா இல்லை.

சத்தம் வராது

ஹார்டுடிஸ்கில் தட்டு சுற்றும். கையை வைத்தால் அதிர்வு தெரியும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவது எதுவும் கிடையாது. பென் டிரைவ் மாதிரி உள்ளே வெறும் சிப்தான். அதனால் காதை வைத்து கேட்டு உயிர் இருக்கா, இல்லையா என்று சொல்ல முடியாது. வேறு வழியில்தான் பார்க்க வேண்டும்.

முதலில் எங்கே காணோம் என்று பாருங்கள்

கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே ஒரு பட்டனை விட்டுவிட்டு அழுத்தினால் பயாஸ் என்ற பக்கம் வரும். டெல், ஏசர் லேப்டாப்களில் பெரும்பாலும் எப்2, எச்.பி.யில் எப்10, லெனோவாவில் எப்1 அல்லது எப்2. டெஸ்க்டாப்பில் பொதுவாக டெலிட் பட்டன்.

அங்கே ஸ்டோரேஜ் அல்லது பூட் பகுதியில் புது டிரைவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தால், ஒயரிலும் ஸ்லாட்டிலும் பெரும்பாலும் குறை இல்லை. மீதி வேலை விண்டோசில்தான். பெயர் இல்லை என்றால்தான் மூடியை கழற்ற வேண்டும்.

பயாசில் இருக்கு, விண்டோசில் இல்லையா?

புது எஸ்.எஸ்.டி. என்பது கல் ஊன்றாத காலி மனை மாதிரி. பாகம் பிரித்து நம்பர் போடாதவரை 'மை கம்ப்யூட்டர்' பக்கத்தில் வராது.

ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து, டிஸ்க் மேனேஜ்மெண்ட் திறங்கள். கீழே 'நாட் இனிஷியலைஸ்டு' என்று ஒரு டிஸ்க் இருந்தால் அதுதான் உங்கள் புது டிரைவ். அதன்மேல் ரைட் கிளிக் செய்து இனிஷியலைஸ் கொடுங்கள். ஜி.பி.டி.யை தேர்ந்தெடுங்கள். பிறகு கருப்பு பட்டையாக தெரியும் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்தால், எழுத்தோடு டிரைவ் வந்துவிடும். சில நேரம் எல்லாம் சரியாக இருந்தும் எழுத்து மட்டும் விடுபட்டிருக்கும். அதையும் இதே இடத்தில் கொடுக்கலாம்.

கை தவறினால் போச்சு

இந்த இடத்தில் அவசரப்பட்டால் குடும்ப போட்டோ, பிள்ளைகளின் புராஜெக்ட் எல்லாம் போய்விடும். பழைய டிஸ்கும் அதே பக்கத்தில்தான் நிற்கும். அளவை வைத்து அடையாளம் காணுங்கள். 240 ஜி.பி. டிரைவ் 223 என்றும், 500 ஜி.பி. 465 என்றும், ஒரு டி.பி. 931 என்றும் காட்டும். இது ஏமாற்று இல்லை, கம்பெனியும் விண்டோசும் கணக்கு போடும் முறை வேறு.

சந்தேகம் இருந்தால் பழைய டிஸ்கை கழற்றி வைத்துவிட்டு செய்யுங்கள். ஏற்கனவே பைல் இருக்கும் டிஸ்க் திடீரென இனிஷியலைஸ் செய்யச் சொன்னால், கேன்சல் கொடுத்துவிட்டு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பயாசிலும் இல்லையா?

முதலில் ஷட்டவுன். சார்ஜரை பிடுங்குங்கள். பேட்டரி கழற்ற வருகிற மாதிரி இருந்தால் அதையும் எடுங்கள். பவர் பட்டனை 10 நொடி அழுத்திப் பிடித்து மிச்ச கரண்டை போக்குங்கள். கேபினட்டின் இரும்பு பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையை தொடங்குங்கள்.

டெஸ்க்டாப்பில் சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு இரண்டு ஒயர் வேண்டும். சிறியது டேட்டா ஒயர், அகலமானது பவர் ஒயர். டேட்டாவை மாட்டிவிட்டு பவரை மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. இரண்டும் இருந்தும் காட்டவில்லை என்றால் டேட்டா ஒயரை மாற்றிப் பாருங்கள். பிறகு போர்டில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

அப்புறம் எம்.2 வகை. சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும். சாய்வாக கடைசிவரை செருகி, படுக்க அழுத்தி, ஸ்குரு போட வேண்டும். பாதி செருகி ஸ்குரு போட்டால் காட்டாது. இதிலேயே சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு ரகம் உண்டு. பார்க்க ஒன்று போலவே இருக்கும். சில ஸ்லாட் ஒரு ரகத்தை மட்டுமே ஏற்கும். மாற்றி வாங்கியிருந்தால் தலைகீழாக நின்றாலும் காட்டாது. வாங்கும் முன்பே உங்கள் மாடல் எதை ஏற்கும் என்று மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு வேடிக்கை. சில டெஸ்க்டாப் போர்டுகளில் எம்.2 போட்டதும் ஒரு சாட்டா போர்ட் தானாக அணைந்துவிடும். புதுசு வந்தது, பழசு காணோம் என்று கத்த வேண்டாம். பழையதை பக்கத்து போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.

விண்டோஸ் போடும்போது காணாமல் போனால்

இன்டெல் 11-வது தலைமுறைக்கு பிறகு வந்த பல லேப்டாப்களில் இந்த தொல்லை உண்டு. பயாசில் டிரைவ் இருக்கும், விண்டோஸ் போடும்போது பட்டியல் காலியாக இருக்கும். வி.எம்.டி. என்ற வசதிதான் காரணம். லேப்டாப் கம்பெனி இணையதளத்தில் அதற்கான டிரைவர் பைலை எடுத்து, பென் டிரைவில் விரித்துப் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிரைவ் தெரியும். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் இந்த வி.எம்.டி.யை ஆப் செய்தால் விண்டோசே திறக்காமல் போகலாம். ஜாக்கிரதை.

பழைய டிஸ்கை எடுத்துவிட்டு புதுசு மட்டும் மாட்டியதும், 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தாலும் பயப்பட வேண்டாம். டிரைவில் இன்னும் விண்டோஸ் போடவில்லை என்றுகூட அதற்கு அர்த்தம் இருக்கலாம். பயாசில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கடையில் உஷார்

இவ்வளவும் பார்த்தும் காட்டவில்லை என்றால், அந்த டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் உங்கள் கண் முன்னாலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அங்கேயும் காட்டவில்லை என்றால் டிரைவில்தான் பழுது. கம்பெனி எஸ்.எஸ்.டி.க்கு பொதுவாக 3 முதல் 5 வருடம் வாரண்டி உண்டு. பில்லை பத்திரமாக வையுங்கள். மேலே ஒட்டிய ஸ்டிக்கரை கிழிக்காதீர்கள். பழைய டிஸ்கை மறக்காமல் கேட்டு வாங்குங்கள், உங்கள் பைல் அத்தனையும் அதில்தான் இருக்கிறது. பில் இருந்தும் மாற்றித்தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம்.

சிவகாசி மாணவியின் லேப்டாப் இப்போது அவள் மேஜையில் ஓடுகிறது. போர்டுக்கு போக இருந்த 4 ஆயிரத்து 500 ரூபாய் அப்பாவின் சட்டைப்பையிலேயே தப்பித்தது.