கருகல் வாடை

அடுக்களையில் பால் அடிப்பிடித்தால் கூடத்தில் இருப்பவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. மிளகாய் கருகியதா, துணி தீய்ந்ததா என்று எட்டிப் பாராமலே சொல்லக் கூடியவர்கள் நம் குடும்பங்களில் அநேகர். ஆனால் மோட்டார் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அந்த அருமையான மூக்குக்கு மதிப்பில்லாமல் போய்விடுகிறது. பின் ஆசனத்திலிருந்து பாட்டி, "ஏதோ கருகுகிற வாடை வருகிறதே!" என்கிறாள். வண்டி ஓட்டும் பிள்ளை, "முன்னே போகிற லாரி, அம்மா" என்று சொல்லி மேலே செல்கிறான்.

லாரியாகவும் இருக்கலாம். ஓரமாக நிறுத்தி, லாரி கண்ணுக்கு மறைந்த பின்னும் வாடை இருக்கிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். இருந்தால் அது நம் வண்டியுடையதே. அப்பொழுது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எதைப் போன்ற வாடை? வண்டி என்ன செய்துகொண்டிருந்த போது வந்தது?

மலைப் பாதையில் இரண்டாவது கேள்வியே பெரும்பாலும் விடை சொல்லிவிடும். ஏறும்போது பழைய காகிதத்தைக் கொளுத்தியது போல் வாடை வந்தால் கிளச்சைச் சந்தேகிக்க வேண்டும். சரிவில் நிற்கும் வண்டியைக் கைப் பிரேக்கால் நிறுத்தாமல், கிளச்சைப் பாதி மிதித்தபடியே பிடித்து வைத்தால் அதன் தட்டு உராய்ந்து கருகும். கிளச் மிதியின் மேல் எப்போதும் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் வழக்கமும் அதையேதான் செய்யும். சற்று ஓய்வு கொடுத்தால் வாடை அடங்கிவிடலாம். ஆனால் யந்திரம் உறுமியும் வேகம் ஏறவில்லை என்றால், தட்டுத் தேய்ந்துவிட்டது; மாற்றித்தான் ஆக வேண்டும்.

இறங்கும்போது வருகிற வாடை பிரேக்குடையது. இதுதான் பிராணாபாயமானது. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் பழகியவர்கள் மேல் கியரிலேயே வண்டியை விட்டு, வழியெல்லாம் பிரேக்கை அழுத்திக்கொண்டே வருவார்கள். அந்தச் சூடு பிரேக்கிலுள்ள திரவத்துக்குப் போகிறது. டாட் 4 என்ற வகைத் திரவம் புதியதாக இருக்கும்போது 230 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் சேர்ந்த பிறகு 155 டிகிரி தாங்கினால் போதும் என்று அதே விதி ஒப்புக்கொள்கிறது. திரவம் கொதித்தால் குழாயில் ஆவி சேர்கிறது. ஆவி அமுங்கிக் கொடுக்குமே தவிர அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு போகாது. மிதி தரை வரை இறங்கும், வண்டி நிற்காது.

ஆகவே வாடை வந்தவுடன் சமதளமான இடத்தில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றலாகாது. பழுக்கக் காய்ந்த இரும்பு வெடிக்கவோ கோணவோ செய்யும். மீண்டும் புறப்படும்போது, அந்தச் சரிவை ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதிலேயே இறங்க வேண்டும். திரவத்தை இரண்டு வருஷத்துக்கொரு முறை மாற்றுவது பெரிய செலவல்ல.

சமவெளியிலும் இவ்வாடை வருவதுண்டு. கைப் பிரேக்கை முழுதும் விடாமல் ஓட்டியிருப்பார்கள். இல்லையேல் ஒரு சக்கரத்தின் பிரேக் துருவேறி இறுகியிருக்கும். சக்கரங்களின் அருகே, தொடாமல், கையைக் காட்டினால் எது அதிகமாகக் காய்கிறது என்று தெரியும்.

வெல்லப் பாகு போன்ற தித்திப்பு வாடை கூலண்ட் ஒழுகுவதன் அறிகுறி. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்து முகத்தை வேகவைத்துக் கொள்ள வேண்டாம். தீய்ந்த எண்ணெய் வாடையும் இலேசான நீலப் புகையும் வந்தால், என்ஜின் எண்ணெய் கசிந்து, சூடான புகைபோக்கிக் குழாயின் மேல் சொட்டுகிறது. பெரும்பாலும் ஒரு காஸ்கெட்டை மாற்றினால் சரியாகும் காரியம்; அசட்டையாக விட்டால் தீயில் முடியும்.

பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ ஆராய்ச்சிக்கே இடமில்லை. குழாயில் ஒட்டிய வெறும் பிளாஸ்டிக் பையாகவும் இருக்கலாம். மின்சாரக் கம்பியாகவும் இருக்கலாம். உடனே நிறுத்திச் சாவியைத் திருப்பி அணைத்து, எல்லாரையும் இறக்கிவிட வேண்டும். பின்கதவுகளில் குழந்தைகளுக்கான பூட்டுப் போட்டிருந்தால் உள்ளேயிருந்து திறக்க முடியாது. வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். பானெட்டுக்குள்ளிருந்து புகை வந்தால் அதைத் தூக்கிப் பார்க்கலாகாது. காற்றுப் புகுந்தால் நெருப்பு மூளும். தூரத்தில் நின்று தீயணைப்புப் படையைக் கூப்பிடுவதே விவேகம்.

கம்பி கருகுவதற்கு எலி கடித்தது ஒரு காரணம். மனிதர் கைவரிசை மற்றொன்று. கடைத்தெருவில் கூடுதல் விளக்கும் பாட்டுப் பெட்டியும் வாங்கி, இருக்கும் கம்பியிலேயே ஒட்டவைக்கிறார்கள். 10 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது என்று 20 ஆம்பியர் பியூஸைச் செருகுகிறார்கள். பிறகு பியூஸ் போவதில்லை, கம்பிதான் போகிறது!

நம் கிராமச் சாலைகளுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. அறுவடைக் காலத்தில் கொள்ளுச் செடியையும் வைக்கோலையும் சாலையில் பரப்பி, போகிற வண்டிகளைக் கொண்டே போரடித்துக் கொள்கிறார்கள். அந்தத் தாள்கள் அடியில் சுற்றிக்கொண்டு, கொதிக்கும் புகைபோக்கியில் பட்டுப் பற்றிக்கொள்கின்றன. அதன்மேல் ஓட்டாமலிருப்பது உத்தமம். ஓட்ட நேர்ந்தால், தாண்டிச் சென்று வெறுந்தரையில் நிறுத்தி, குனிந்து அடியில் பார்க்க வேண்டும். அந்த வைக்கோலின் மேலேயே நிறுத்தினால் ஆபத்து இரட்டிப்பாகும்.

பட்டறையில், "வாடை வருகிறது" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார், பணம் நம்முடையது. "ஏறும்போது வருகிறது", "சிக்னலில் நிற்கும்போது வருகிறது" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. பிரேக்கின் தேயும் பட்டைகளைப் புதிதாகப் போட்டிருந்தால் முதல் சில நாட்கள் இலேசான கருகல் வாடை இருக்கத்தான் செய்யும். அதைப் போக்கித் தருவதாகச் சொல்லி யாரேனும் பணம் கேட்டால், கொடுக்க வேண்டியதில்லை.