ஒற்றைக் குருத்து

நெடுஞ்சாலை ஓரத்து நர்சரிகளில் குரோட்டன்ஸும் செம்பருத்தியும் நின்ற முன்வரிசையை இப்போது பனைக் குடும்பம் பிடித்துக்கொண்டுவிட்டது. மனைப்பிரிவின் நுழைவாயிலுக்கு இரண்டு வரிசை ராயல் பாம், வீட்டு வாசலின் இருபுறமும் பாட்டில் பாம், வரவேற்பறைக்கு அரிக்கா பாம், கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கத் தயார் என்றால் ஃபாக்ஸ்டெயில் பாம். கியூபா, மொரீஷியஸ், மடகாஸ்கர், ஆஸ்திரேலியா என்று திசைக்கொன்றாகப் பிறந்தவை நம் ஊர் வெயிலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

வாங்குகிறவர்கள் ஆசையோடுதான் வாங்குகிறார்கள். ஆனால் வேம்பையும் மாவையும் வளர்த்துப் பழகிய கையால் இவற்றையும் வளர்க்கிறார்கள். கிளை கழிப்பது போல மட்டை கழிக்கிறார்கள். சீரியல் விளக்குக்காகத் தண்டில் ஆணி அடிக்கிறார்கள். பழுத்த ஓலை கண்ணில் பட்டால் அன்றைக்கே அறுக்கிறார்கள். வேம்பு இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். பனைக் குடும்பம் தாங்காது, ஏனென்றால் அதன் உடல் கட்டப்பட்டிருக்கும் விதமே வேறு. அந்தக் கட்டமைப்பைப் புரிந்துகொண்டவருக்குப் பராமரிப்பு விதிகளைத் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேம்பின் பட்டைக்கு அடியில் மெல்லிய வளர்திசுப் படலம் ஒன்று உயிரோடு இருக்கிறது. கேம்பியம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அது உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே போகிறது. மரம் பருப்பதும், வைரம் பாய்வதும், வெட்டுக்காயத்தின் விளிம்பு தடித்து மெல்ல மூடிக்கொள்வதும் இந்தப் படலத்தின் வேலை. ஏறத்தாழ 2,600 இனங்களைக் கொண்ட பனைக் குடும்பத்தில் எதற்கும் இந்தப் படலம் கிடையாது. நெல், மூங்கில் போல இவையும் ஒருவித்திலைத் தாவரங்கள். தண்டை வெட்டிப் பார்த்தால் வளையங்கள் இருக்காது. நீரும் உணவும் போகும் நார்க்கற்றைகள் எங்கும் சிதறிக் கிடக்கும், ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் தளர்வாகவும். அதனால்தான் பனை வெளியே இரும்பாகவும் உள்ளே சோறாகவும் இருக்கிறது. வெளியே வலுவுள்ளதைப் புல் என்றும் உள்ளே வலுவுள்ளதை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்து வைத்திருப்பது, நுண்ணோக்கி இல்லாத காலத்தில் கையும் கண்ணும் மட்டுமே கொண்டு செய்த மிகக் கூர்மையான வகைப்பாடு என்று நான் நினைக்கிறேன்.

பின்னால் பருக்க முடியாது என்பதால், பனைக்கன்று உயரத் தொடங்கும் முன்பே தன் தண்டுக்கு வேண்டிய அகலத்தைத் தரை மட்டத்தில் கட்டி முடித்தாக வேண்டும். நட்டு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியும் பனங்கன்று வெறும் ஓலைக்கற்றையாகவே நிற்பது இதனால்தான். வளரவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் உரத்தை அள்ளிக் கொட்டுகிறார்கள். மண்ணுக்குள் அது அகலத்துக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பருவத்தில் பட்டினி போட்டாலோ சின்னத் தொட்டியில் நெருக்கி வைத்தாலோ அதன் விளைவு வாழ்நாள் முழுக்கத் தண்டில் தெரியும். வளர்ந்த பிறகும் அப்படித்தான். கடும் வறட்சியில் உருவான பகுதி இடுப்பு போலச் சிறுத்து நிற்கும். அடுத்து எத்தனை நல்ல மழை பெய்தாலும் அந்த இடம் பழையபடி பருக்காது. பழைய தென்னந்தோப்பில் கொஞ்சம் நிதானமாக நின்று பார்த்தால் எந்த உயரத்தில் பஞ்சம் வந்தது என்று தண்டிலேயே படிக்கலாம்.

இன்னொரு வியப்பும் இதில் இருக்கிறது. புதிய திசு சேராத தண்டில் பழைய உயிரணுக்களே கடைசிவரை வேலை செய்தாக வேண்டும். நூறு வயதுப் பனையின் தூரில் இருக்கும் உயிரணு, அந்தப் பனை கன்றாக இருந்தபோது உருவானது; அன்றிலிருந்து பிரியாமல், மாற்றப்படாமல் உயிரோடு இருக்கிறது. தாவர உலகில் நீண்டகாலம் செயலோடிருக்கும் உயிரணுக்கள் பனைத் தண்டில்தான் இருக்கக்கூடும் என்று பாரி டாம்லின்சனும் பிரெட் ஹகெட்டும் 2012இல் எழுதினார்கள். அந்தத் தண்டில்தான் நாம் ஆணி அடிக்கிறோம். அடித்த துளை மூடாது. ஆணியைப் பிடுங்கினாலும் மரம் இருக்கும்வரை அது பூஞ்சைக்கும் புழுவுக்கும் திறந்த வாசல். விளக்கு கட்டத்தான் வேண்டும் என்றால் துணிப்பட்டையால் கட்டலாமே.

தண்டின் கதை இப்படி என்றால் தலையின் கதை இன்னும் கடுமையானது. வேம்பின் ஒவ்வொரு கிளை நுனியிலும் மொட்டு உண்டு. தலையை வெட்டினால் பத்து இடத்தில் துளிர்க்கும். ராயல் பாமுக்கும் தென்னைக்கும் பனைக்கும் உச்சியில் ஒரே ஒரு குருத்து. ஓலை, பாளை, உயரம் எல்லாம் அந்த ஒரு புள்ளியிலிருந்து வர வேண்டும். அது செத்தால் மரம் செத்தது. ரியோ டி ஜெனிரோவின் தாவரவியல் பூங்காவில் 1809இல் போர்ச்சுகல் அரசப் பிரதிநிதி ஜோவான் தன் கையால் நட்ட ஒரு பனை இருந்தது. ராயல் பாமின் நெருங்கிய உறவான அது 38 மீட்டருக்கு மேல் வளர்ந்து, தாய்ப்பனை என்ற பொருளில் பல்மா மாத்தர் என்று பெயர் பெற்றது. 1972இல் ஒரே ஒரு மின்னல் அதை முடித்துவிட்டது.

அரிக்கா பாம் இதற்கு விலக்கு. மடகாஸ்கரைச் சேர்ந்த அது தூரிலிருந்து பக்கக் கன்றுகள் விட்டுப் புதராக வளர்வது. ஒரு தண்டின் குருத்து போனாலும் மற்றவை பிழைக்கும். அது பழகாதவர் கையிலும் வளர்ந்துவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்த ஒற்றைக் குருத்துக்கு உணவு தருவது பச்சை மட்டைகள். பாட்டில் பாமில் ஒரு சமயத்தில் விரிந்திருப்பது நாலு முதல் ஆறு மட்டைகள்தான். ‘பார்வையாக’ இருக்கட்டும் என்று இரண்டை வெட்டினால் அதன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போனது. ராயல் பாம், ஃபாக்ஸ்டெயில், பாட்டில் பாம் மூன்றும் முதிர்ந்த மட்டையை அடியுறையோடு தாமாகவே கழற்றிப் போடும் இனங்கள், அரிவாளே தேவையில்லை. ராயல் பாமின் மட்டை கனமானது என்பதால் அதன் கீழே காரை நிறுத்தாமல், குழந்தைகள் விளையாடும் இடத்தில் நடாமல் இருந்தால் போதும்.

பழுத்த மட்டையையும் விட்டுவைக்க வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. சாம்பல் சத்து குறையும்போது மரம் மூத்த மட்டையிலிருக்கும் சத்தை உறிஞ்சி இளம் ஓலைக்கு அனுப்புகிறது. மஞ்சளும் ஆரஞ்சுமாகப் புள்ளி விழுந்து நுனி கருகும் அடிமட்டை, சத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும் மட்டை. அசிங்கமாக இருக்கிறதே என்று அதை அறுத்தால் மரம் அதற்கு மேலிருக்கும் மட்டையில் கைவைக்கும். அதையும் அறுத்தால் அடுத்தது. பல ஆண்டுகள் பனைகளின் சத்துக் குறைபாட்டை ஆராய்ந்த ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் திமதி பிராஷட் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். புல்தரைக்குப் போடும் தழைச்சத்து உரம் பனையின் வேரை எட்டினால் சாம்பல் சத்துப் பற்றாக்குறை இன்னும் மோசமாகிறது என்பதும் அந்த ஆய்வுகள் சொன்னதுதான். புல்லுக்கு நடுவே நிற்கும் ராயல் பாம்கள் வெளிறிப்போவதைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

குறைபாட்டைக் கண்டுபிடிக்க மட்டையின் வயதைப் பார்க்க வேண்டும். அடிமட்டைகளில் கோளாறு என்றால் சாம்பல் சத்து, அல்லது ஓரம் மஞ்சளாகி நடு பச்சையாக இருந்தால் மக்னீசியம். புதிய ஓலை சுருங்கி, ஒட்டிக்கொண்டு, விரியாமல் வந்தால் போரான் அல்லது மாங்கனீசு. சாம்பல் சத்துக்காகப் பொட்டாஷை மட்டும் கொட்டினால் மக்னீசியம் குறையும், இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். எதைப் போட்டாலும் பொறுமை வேண்டும். தென்னையில் ஓர் ஓலை குருத்துக்குள் உருவாகத் தொடங்கி வெளியே தலைகாட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கெட்டுப்போன மட்டை திரும்பப் பச்சையாகாது, இனி வருவது நன்றாக வரும்.

பச்சை மட்டையை வெட்டாதீர்கள் என்பதற்குச் சத்தைவிடப் பெரிய காரணம் சிவப்புக் கூன்வண்டு. நம் தென்னை விவசாயிகளின் பழைய எதிரி. புதுவெட்டின் வாடை அதை இழுக்கிறது. பெண் வண்டு அந்தப் புண்ணில் முட்டையிடும்; புழுக்கள் தண்டுக்குள் குடைந்து குருத்தை நோக்கிப் போகும். வெளியே ஒன்றும் தெரியாது. பழுப்புச் சாறு வடிந்து, மென்று துப்பிய நார் வெளியே தள்ளப்பட்டால் ஓரளவு வாய்ப்பு உண்டு. கொண்டை சாய்ந்த பிறகு ஒன்றும் செய்ய இயலாது. ஆசியாவின் இந்தப் பூச்சி 1980களின் நடுவில் வளைகுடாவின் பேரீச்சந்தோப்புகளை எட்டியது. 1990களில் எகிப்தையும் ஸ்பெயினையும் பிடித்து, பிறகு மத்தியதரைக் கடலைச் சுற்றிய நகரங்களின் அழகுப் பனைகளை ஆயிரக்கணக்கில் கொன்றது. அது அவ்வளவு தூரம் போனது தன் சிறகால் அல்ல. தோட்டங்களுக்காகக் கப்பலேறிய கன்றுகளுக்குள்ளும் மரங்களுக்குள்ளும் இருந்தது. வெளியூர்ப் பனை வாங்குகிறவர்கள் தண்டில் துளையும் கசிவும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்குவது பக்கத்துத் தோப்புக்காரருக்குச் செய்யும் நன்மையும்கூட. தவிர்க்க முடியாமல் பச்சை மட்டையை வெட்டினால் தண்டிலிருந்து நாலடி தள்ளி வெட்டுங்கள். தென்னைக்கு வேளாண் துறையினர் காலங்காலமாகச் சொல்லும் முறை இது.

காண்டாமிருக வண்டு நேரே குருத்தைத் துளைப்பது. ஓலை விரியும்போது கத்தரியால் முக்கோணமாக வெட்டியது போல் தெரிந்தால் அதுதான். அது பெருகுவது எருக்குழியில். ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளை இரண்டு பங்கு மணலில் கலந்து உச்சி மட்டைகளின் இடுக்கில் போடுவது தென்னைக்குச் சொல்லும் வைத்தியம்.

இனி லாரியில் வரும் பெரிய மரங்கள். பனையின் வேர்கள் ஆணிவேரிலிருந்து கிளைப்பவை அல்ல. தூரிலிருந்து நூற்றுக்கணக்கில் நேரடியாகப் புறப்படுபவை. அதனால்தான் முழு வளர்ச்சியடைந்த பனையையும் பிடுங்கி நட முடிகிறது. வெட்டுப்பட்ட வேர் என்னாகிறது என்பது இனத்துக்கு இனம் மாறும். பிராஷட் 1980களில் செய்த சோதனைகளில் தென்னையின் வெட்டிய வேர்களில் ஏறத்தாழ பாதி, எவ்வளவு நீளம் விட்டிருந்தாலும், புதிதாகக் கிளைத்தன. ஃபுளோரிடாவின் சபால் பனைக்கு வெட்டிய வேர் எதுவும் பிழைக்கவில்லை. தூரிலிருந்து புதுசாகத்தான் வர வேண்டியிருந்தது. ராயல் பாம் இரண்டுக்கும் நடுவில்: நீளமாக விட்ட வேர் அதிகம் பிழைத்தது. ஆகவே சின்ன மண்கட்டியோடு வரும் ராயல் பாம் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காமல் இருப்பது நல்லது. நடும்போது பழைய மண்மட்டத்துக்கு மேல் தூரைப் புதைக்கக் கூடாது. முட்டுக்கொடுக்கிறவர்கள் தண்டைச் சுற்றிச் சாக்கும் மரச்சட்டமும் வைத்துப் பட்டையால் கட்டி, ஆணியை அந்தச் சட்டத்தில் அடிக்கட்டும்.

நோயே இல்லாமல் சாகிற பனையும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தக்காரியான கூந்தல்பனை பல ஆண்டுகள் வளர்ந்த பிறகு உச்சியில் முதல் பூக்குலையைத் தள்ளும். அடுத்த குலை அதற்குக் கீழே, அடுத்தது இன்னும் கீழே. கடைசிக் குலை அடியில் காய்த்து முடிந்ததும் மரம் பட்டுப்போகும். குருத்து தன் வேலையை முடித்துவிட்டது, அவ்வளவுதான். மருந்து தேடி அலைய வேண்டாம். பூக்கத் தொடங்கியதும் பக்கத்தில் அடுத்த கன்றை நட்டுவிடலாம். பழத்தை வெறுங்கையால் தொடக் கூடாது, அரிப்பு தாங்காது.

அந்நிய மரங்களை ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பனையையும் கூந்தல்பனையையும் நடுவதற்கு முதலிடம் கொடுங்கள் என்றே நானும் சொல்வேன். ஆனால் நம் வாசலில் நிற்கும் பாட்டில் பாமின் சொந்த ஊர் மொரீஷியஸுக்கு வடக்கே உள்ள ரவுண்ட் தீவு. மனிதர்கள் கொண்டுவந்து விட்ட ஆடுகளும் முயல்களும் கன்றுகளை மேய்ந்ததில் அங்கே மிகச் சில மரங்களே மிஞ்சின. 1979இல் ஆடுகளும் 1986இல் முயல்களும் அகற்றப்பட்ட பிறகுதான் கன்றுகள் தலையெடுத்தன. அதன் உடன்பிறப்பான இன்னோர் இனம், ஹயோஃபோர்பி அமரிகாலிஸ், மொரீஷியஸின் க்யூர்பிப் தாவரவியல் பூங்காவில் ஒரே ஒரு மரமாக நிற்கிறது. உலகில் அறியப்பட்டது அது ஒன்றுதான். பூக்கிறது, காய்க்கிறது, விதை முளைப்பதில்லை. ஆய்வகத்தில் கருவை எடுத்து வளர்த்த கன்றுகளும் மண்ணுக்கு வந்ததும் பிழைக்கவில்லை. இரண்டும் ஒரே தீவுக்கூட்டம், ஒரே பேரினம். ஒன்று தோட்டக்காரர்களின் கையில் உலகமெல்லாம் பரவிவிட்டது. மற்றதற்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

ஃபாக்ஸ்டெயில் பாமின் கதை வேறு மாதிரி. ஆஸ்திரேலியாவின் கேப் மெல்வில் பாறைக்குன்றுகளில் மட்டும் வளரும் அதைத் தொல்குடியினர் நெடுங்காலமாக அறிவார்கள்; அறிவியல் பெயர் கிடைத்தது 1983இல்தான். அந்தப் பகுதியின் மரபறிவு கொண்ட வோட்யெட்டி என்ற தொல்குடி மனிதரின் பெயரால் பேரினத்துக்கு வோட்யெட்டியா என்று பெயரிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் விதைக்கு உலகமெங்கும் கிராக்கி. தேசியப் பூங்காவுக்குள் புகுந்து கொள்ளையடித்தார்கள், குயின்ஸ்லாந்து அரசியலையே அது கலக்கியது. நர்சரி மரங்கள் காய்க்கத் தொடங்கிய பிறகு அந்தக் கொள்ளைக்குத் தேவையில்லாமல் போனது.

உங்கள் தெருவிலோ அலுவலக வளாகத்திலோ ஒரு ஃபாக்ஸ்டெயில் காய்த்திருந்தால் நீங்களே முளைக்க வைக்கலாம். ஒரே குலையில் ஆண் பூவும் பெண் பூவும் இருப்பதால் தனிமரமே காய்க்கும். செக்கச் சிவந்து உதிர்ந்த பழமாகப் பொறுக்கி, இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்துச் சதையைத் தேய்த்துக் கழுவுங்கள். விதையின் மேல் கறுப்பு நார் கிளைகிளையாக ஓடியிருக்கும். வெயிலில் காய வைக்காமல் உடனே, மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்த தொட்டியில், விதையின் தலை லேசாக மறையும் அளவு ஆழத்தில் ஊன்றி, அரைநிழலில் ஈரம் குறையாமல் வையுங்கள். முளைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும், சில விதைகள் இன்னும் தாமதிக்கும். தோண்டிப் பார்க்க வேண்டாம்.