கீச்சுக் குரலும் வலிவும்

பொதுக்கூட்டத்தில் ஓர் ஆண்மகன் உரத்துப் பேசினால் "முழங்கினார்" என்று எழுதும் நிருபர், அதே மேடையில் அதே ஆவேசத்துடன் ஒரு ஸ்திரீ பேசினால் "கீச்சுக் குரலில் கூச்சலிட்டார்" என்று எழுதுவதை இன்றும் காண்கிறோம். அவர் கூறிய நியாயம் யாது என்பதை வாசகர் அறியுமுன்னரே தீர்ப்புக் கூறியாய்விட்டது!

உயர்ந்த ஒலியைக் குறிக்க நம் பாஷையில் சொற்பஞ்சம் இல்லை. எலி கீச்சிடும், ஆந்தை அலறும், மயில் அகவும், யானை பிளிறும். மனிதர் விஷயத்திலோ, ஒவ்வொரு சொல்லும் ஒலியோடு அதன் காரணத்தையும் சேர்த்தே சொல்லுகிறது. வீறிடுதல் நோவினால் திடீரென எழுவது. குழந்தைகளுக்கே பெரிதும் உரியது. அலறுதலில் அச்சம் உண்டு. கூவுதல் தூரத்திலுள்ளோரை அழைப்பது. கூச்சலிடுதலிலோ கலகத்தின் சாயல் இருக்கிறது. நியாயஸ்தலத்தில் பழகியோர் இதன் பலனை நன்கறிவர். இரவில் அடிபட்ட ஒருத்தி "அலறினாள்" என்று வாக்குமூலத்தில் பதிவானால் அவள் துன்புற்றவள். "கூச்சலிட்டாள்" என்று பதிவானாலோ, எதிர்க்கட்சி வக்கீல் அவளைச் சண்டைக்காரியாக்க அவ்வொரு சொல்லே போதும்.

குரல் உயர்ந்திருப்பது குணத்தின் குற்றமன்று, தேகத்தின் அமைப்பு. பேசும்போது ஆடவரின் குரல் நாண்கள் வினாடிக்குச் சுமார் 120 தடவை அதிர்கின்றன. ஸ்திரீகளுடையவை நீளம் குறைந்தவையாதலின் சுமார் 200 தடவை அதிர்கின்றன. இதைக் குறையென்று கருதும் வழக்கம் நம் நாட்டில் மட்டும் உள்ளதன்று. 1979-இல் பிரிட்டிஷ் பிரதம மந்திரியான மார்கரெட் தாட்சர், அதற்கு முன்னரே பயிற்சி பெற்றுத் தம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருடைய ராஜீயக் கொள்கைகள் நமக்கு உடன்பாடா என்பது வேறு விஷயம். ராஜ்யத்தை ஆள வந்தவர் தொண்டையைத் திருத்திக்கொள்ள நேர்ந்ததே, அதுதான் விநோதம்!

நம் முன்னோரின் கருத்து வேறு. தமிழிசையில் மந்தர ஸ்தாயிக்கு மெலிவு என்றும், மத்திய ஸ்தாயிக்குச் சமன் என்றும், உச்ச ஸ்தாயிக்கு வலிவு என்றும் பெயர். உயர்ந்த குரலை அவர்கள் பலமென்றே கண்டனர். ஒலிபெருக்கியின் துணையின்றி நாடக மேடையில் உச்ச ஸ்தாயியை எட்டிப் பாடிய எஸ். ஜி. கிட்டப்பாவை (1906–1933) ஜனங்கள் அந்தக் குரலின் பொருட்டே கொண்டாடினர். ஆடவருக்குப் பெருமையான உச்சம் மாதருக்கு மட்டும் கீச்சாவது எங்ஙனம்?

ஒலியைக் குறிப்பிட்டே தீரவேண்டுமாயின் "உரத்த குரலில்" என்று இருபாலார்க்கும் பொதுவாக எழுதலாம். மாதர் கூட்டங்களுக்குச் செல்லும் நிருபர் முதலில் பேச்சின் விஷயத்தைக் குறித்துக்கொண்டு வரட்டும். பத்தியில் இடம் மிஞ்சினால் குரலைப்பற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.